வார்த்தைக்குச் சொன்னது

கனடாவிலிருந்து வந்த அண்ணன் இட்லியைத் தொடவே இல்லை.

வெண்பாவுக்கு அது பெரிய குறையாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து வருகிற மனுஷர். உளுந்து கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்ட காலத்தில் துறையூர் முழுக்கச் சொல்லிவைத்து வாங்கி, ஊறப்போட்டு, அரைத்து, பொங்கவைத்து, முதல் நாள் காலையில் எட்டு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினால், கவின் அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"வேணாம்டா வெண்பா. புளிச்சது எதுவும் இப்பல்லாம் எனக்கு ஒத்துக்கிறதில்ல. உப்புமா இருந்தா போடேன்."

உப்புமா! அத்தனை தூரத்திலிருந்து வந்த அண்ணனுக்கு உப்புமாவா போடுவாள் ஒரு தங்கச்சி? வேறு வழி, போட்டாள். அண்ணனின் பேரன் ஈதனுக்கும் அதேதான். ஏழு வயசுப் பையனுக்குத் தாத்தாவின் வயிறு அப்படியே வந்துவிட்டதாம். அண்ணி ரித்திகா மட்டும் குறை வைக்காமல் ஆறு இட்லி சாப்பிட்டு, மதியம் கெட்டித் தயிரில் பிசைந்து இன்னொரு தட்டுச் சோறும் சாப்பிட்டாள். இப்படியே பத்து நாள் ஓடியது.

அந்த வீட்டில் இட்லியைத் தொடாதவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. வெண்பா, அவள் மகள் இயல். அவர்களுக்கு வயிற்றில் ஒன்றும் கோளாறு இல்லை, விரதம். சாமிக்கு இருந்த விரதம் என்று நினைத்துவிடாதீர்கள், காட்டுக்கு இருந்தது.

பச்சைமலை மேலே இயற்கை மையம் என்று ஒன்று இருந்தது. பேர்தான் மையம். அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த காடு அவ்வளவும் அதுதான். மொத்தமாகக் கூரை போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போக வேண்டுமானால் பத்து நாளைக்கு முன்பிருந்தே இட்லி, தோசை, தயிர், மோர், ரொட்டி, ஊறுகாய் எதையும் வாயில் வைக்கக்கூடாது. ஊர்க்காரர்கள் இதற்குப் புளிப்பு விரதம் என்று பேர் வைத்திருந்தார்கள். தயிரில்லாமல் பத்து நாள் சோறு தின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

அப்படி விரதம் இருந்தாலும் ஆயுசுக்கு ஒரு தடவைதான். அதற்கும் ஊர்க்காரர்கள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். நடை. ஓர் ஆளுக்கு ஒரு நடை. போய் வந்துவிட்டால் அதோடு சரி, தலைகீழாக நின்றாலும் மறுபடி விடமாட்டார்கள். சட்டம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு நடையும் கிடையாது. பெரியவர் யாராவது தன் நடையில் போகும்போது, பன்னிரண்டு வயசுக்குக் கீழே ஒரு பிள்ளையை, ஒன்றே ஒன்றை, கூடக் கூட்டிப் போகலாம். பெரிய மனசு பண்ணி அவ்வளவு விட்டுவைத்திருந்தார்கள்.

இயலுக்குப் பன்னிரண்டு முடிய இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. அவள் அப்பா அகிலன் தன் நடையைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சிநேகிதர்களோடு போய்த் தொலைத்துவிட்டான். "என்ன பாத்தீங்க?" என்று கேட்டால், "மழை பேஞ்சுச்சு, பசி எடுத்துச்சு" என்பான். கையில் கிடைத்ததை எடுத்து அவன்மேல் எறியலாம் போல வரும் வெண்பாவுக்கு. ஆக, வீட்டில் மிச்சம் இருந்தது வெண்பாவின் நடை ஒன்றுதான். பிள்ளைக்கு நன்றாக விவரம் தெரிந்து போனால்தான் மனசில் நிற்கும் என்று இத்தனை வருஷம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இந்த மே மாசத்தை விட்டால் இல்லை.

இயலுக்கு ஒரே ஓர் ஆசை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர இலைமேல் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் காட்டைத் திரையில் காட்டியபோது, "மிஸ், கால்ல எப்படி இருக்கும்?" என்று கேட்டாளாம். மிஸ்ஸும் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணன் குடும்பம் ஈதனுக்கு லீவு போட்டுவிட்டு வந்து இறங்கியது. வீடே கலகலப்பாகிவிட்டது. அண்ணன் போனில் வீடியோ காட்டினார். "எங்க வீட்டுப் பின்கதவைத் திறந்தா காடுதான்டா. மான் கூட்டமா வந்து செடியெல்லாம் மேஞ்சுட்டுப் போயிடும். ஒரே தொல்லை." அந்தத் தொல்லையை இயல் நாலு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

அண்ணி ஒரு நாள் வெண்பாவின் நீலச் சுங்குடிப் புடவையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கே!" என்றாள்.

"எடுத்துக்கோங்க அண்ணி," என்றாள் வெண்பா.

நம் பக்கத்தில் இது ஒரு முறை. நல்லா இருக்கு என்று ஒருவர் சொன்னால் எடுத்துக்கோங்க என்று மற்றவர் சொல்ல வேண்டும். அதற்கு அவர், சேச்சே, இருக்கட்டும்மா, உனக்குத்தான் எடுப்பா இருக்கு என்று மறுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துபோகும், புடவையும் பீரோவுக்குத் திரும்பிவிடும். அண்ணியோ, "ரியலி? சோ ஸ்வீட்!" என்று சொல்லிப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அகிலன் அடுப்படியில் வந்து சிரிசிரி என்று சிரித்தான். "என்னைப் பத்தி அவங்க முன்னாடி நல்லதா ஒண்ணும் சொல்லிடாத. என்னையும் பெட்டியில வெச்சு மூடிடுவாங்க."

"சும்மா இருங்க. அண்ணி அங்கேயே பொறந்து வளந்தவங்க. அவங்களுக்கு என்ன தெரியும், நம்ம வார்த்தைக்குச் சொல்றதெல்லாம்?"

அண்ணன் அப்படி இல்லை. அன்றைக்கு மதியம் வடை பரிமாறும்போது பார்க்க வேண்டுமே. "போதும்மா, வேணாம், ஐயோ சொன்னாக் கேளு" என்று மூன்று தடவை கையை மறித்துவிட்டு, நாலாவது தடவை தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். எத்தனை வருஷமானாலும் அண்ணன் நம்ம அண்ணன்தான் என்று வெண்பாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

புறப்பட வேண்டிய நாளும் காட்டுக்குப் போகிற நாளும் ஒன்றாக அமைந்தன. அண்ணனேதான் ஏற்பாடு சொன்னார். "நாங்களும் வரோம்டா. எனக்கும் ஈதனுக்கும் அனுமதிக்குப் போட்டிருக்கேன். அவன் ஸ்கூல்ல லீவுக்குப் புராஜெக்ட் கொடுத்திருக்காங்க, என் வேர்கள்னு. எல்லாருமா காட்டைப் பாத்துட்டு, நாங்க அங்கேருந்தே ஏர்போர்ட் கிளம்பிடறோம்."

வெண்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. தான், மகள், அண்ணன், அவர் பேரன், நாலு பேராய்க் காட்டுக்குள் நடப்பது! அகிலனுக்கு அன்று வேலை. அவன் இயலின் தலையைத் தடவி, "எல்லாத்தையும் பாத்து வெச்சுக்கிட்டு வந்து அப்பாவுக்குச் சொல்லு. நான் அன்னைக்கு ஒண்ணும் பாக்கல" என்று சொல்லி அனுப்பினான்.

காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. கார் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை. ஈதன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, கையிலிருந்த விளையாட்டில் மூழ்கியிருந்தான். இயல் மடியில் கையை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நேற்றே நகம் வெட்டி, பாதத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

மையத்தின் முகப்பு ஒரு ரயில் நிலையம் மாதிரி இருந்தது. சிமெண்டு யானை ஒன்று, கேன்டீன், கண்காட்சிக் கூடம். கூடத்தின் கடைசியில் வெள்ளைக் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு மேசை, மேசைக்கு மேலே சுவரில் சின்னதாக ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் பலகை: இங்கே சொல்லும் சொல் செல்லும். ஏதோ திருவள்ளுவர் காலத்துப் பொன்மொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெண்பா தாண்டிவிட்டாள்.

மேசையில் இருந்த அதிகாரி பர்வீன் முப்பது வயசுக்காரி. பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"காட்டை எதுக்கு மூடி வெச்சிருக்கோம், தெரியுமா?"

"பூஞ்சை," என்றாள் இயல்.

"சமத்து. மனுஷ மூச்சுல ஒரு பூஞ்சை இருக்கு. புளிச்சது தின்னா அது இன்னும் பெருகும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. இலை மேல பட்டா ஒரு வாரத்துல மரம் வெளுத்துடும். நம்ம மாதிரி வெயில் ஊர்ல காடெல்லாம் அப்படித்தான் போச்சு. குளிர் நாட்டுல அது பொழைக்காது, அங்க காடு பொழைச்சுச்சு. ஒரு ஆள் உள்ள போயிட்டு வந்தா எவ்வளவு கழுவினாலும் ரெண்டு மரம் போயிடும்மா. அதான் ஒரே ஒரு நடை." சொல்லிவிட்டு அவள் இயலின் கன்னத்தைத் தட்டினாள். "ரெண்டு மரம். நல்லாப் பாத்துட்டு வரணும், சரியா?"

இயல் பயபக்தியோடு தலையாட்டினாள்.

அண்ணன் பேசாமல் போனை நீட்டினார். பர்வீன் அதைப் பார்த்தாள், மேசைத் திரையைப் பார்த்தாள், அண்ணனையும் ஒரு தரம் பார்த்தாள்.

"இது நிலுவையில இருக்கு சார். இதை வெச்சு உள்ள விட முடியாது."

அண்ணன் முகம் அப்படியே தொங்கிப்போய்விட்டது. மெதுவாக ஈதனின் தோளைப் பிடித்து, குனிந்து, காதில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்களோ அதைத்தான் அவளும் சொன்னாள்.

"அட என்னண்ணா நீ, இதுக்குப் போய்! நமக்குள்ள என்ன உன்னுது என்னுது? என் நடையை எடுத்துக்கோயேன். நீ போனா என்ன, நான் போனா என்ன?"

சொல்லிவிட்டு, அண்ணன் 'சேச்சே' என்பதற்காகக் காத்திருந்தாள்.

அண்ணன் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். தெளிவாக, நிறுத்தி, மேடையில் பேசுவது மாதிரி சொன்னார்: "மனசார ஏத்துக்கிறேன்."

பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி ஒரு தடவை எரிந்து அணைந்தது.

இது என்ன பேச்சு? மனசார ஏத்துக்கிறேன் என்று அவர்கள் வீட்டில் எவரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. வெளிநாட்டில் இருந்து இருந்து தமிழ் இப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று வெண்பா சிரிக்கக்கூடச் சிரித்தாள். பர்வீன் சிரிக்கவில்லை.

"அம்மா, உங்க நடை சாருக்கு மாறிடுச்சு."

"என்னது?"

"கொடுக்கறேன்னு நீங்க சொன்னீங்க, ஏத்துக்கறேன்னு அவர் சொன்னார். ரத்த சொந்தத்துக்குள்ள வாய்ச்சொல் போதும். முன்னே கையெழுத்துதான் வாங்கிட்டிருந்தாங்க. மிரட்டி வாங்கினாங்க, குடிக்க வெச்சு வாங்கினாங்க. அதனால இந்தப் பெட்டியை வெச்சாங்க. கொடுக்கற பேச்சையும் வாங்கற பேச்சையும் மட்டும் கேக்கும். குரல்ல பயம் இருந்தாலோ பொய் இருந்தாலோ சிவப்பு. இல்லன்னா பச்சை."

"ஐயோ, அது சும்மா வார்த்தைக்குச் சொன்னதும்மா! எல்லாரும் சொல்றதுதானே! என் பொண்ணு நிக்கிறா பாருங்க, அவளுக்காகத்தான் நான்..."

"தெரியும்மா. நானும் இந்த ஊர்தான். எங்க வீட்டுலயும் அப்படித்தான் பேசுவோம்." பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள். "பெட்டி இந்த ஊர் இல்லையே. உங்க குரல்ல ஒரு துளி பொய் இல்லம்மா."

வெண்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இவங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நீ சொல்லிடு."

அண்ணன் ஈதனின் சட்டைக் காலரைச் சரிசெய்து கொண்டிருந்தார். "சிஸ்டம்ல ஏறிடுச்சேடா. நான் என்ன பண்றது?"

"உள்ள காலை வைக்கிற வரைக்கும் சார் திருப்பிக் கொடுக்கலாம்," என்றாள் பர்வீன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அண்ணனுக்குக் காலர் இன்னும் சரியாகவில்லை. "அப்படி இல்லன்னா இன்னொண்ணு இருக்கு. இப்ப அவர் குழாயில ஊதணும். பத்து நாள் விரதம் இருந்திருந்தாத்தான் நீலமாகும். கறுத்தா நடை உங்களுக்கே திரும்பிடும்."

வெண்பாவுக்கு உயிர் வந்தது. அட, அவ்வளவுதானே! விருந்தாளியாக வந்தவர் எங்கே விரதம் இருந்தார்? யாருக்கு வந்த விரதம்? இதோ இப்போது கறுக்கப் போகிறது, கறுத்ததும் இயலின் கையைப் பிடித்துக்கொண்டு...

அப்போதுதான் அவளுக்கு உப்புமா ஞாபகம் வந்தது.

முதல் நாள் உப்புமா. மறுநாள் அரிசி நொய்யில் கஞ்சி. அப்புறம் பொங்கல், இடியாப்பம், திரும்ப உப்புமா. வடை மட்டும் சாப்பிட்டார். ஆட்டியதும் சுடுகிற மாவு அது, புளிக்காது. மோர் ஊற்ற வந்தபோது தட்டின்மேல் கவிழ்த்த கை. பேரனின் வயிறு.

அண்ணன் குழாயில் ஊதினார். வானம் மாதிரி நீலம். ஈதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊதினான். அதுவும் நீலம்.

இதுவரை அவர், இவர் என்று மரியாதையாகத்தான் சொல்லி வந்தோம். இனி அந்த ஆளுக்கு 'ர்' போட வாய் வரவில்லை.

பர்வீன் திரையை வெண்பாவின் பக்கம் லேசாகத் திருப்பினாள். திருப்பலாமா கூடாதா என்று யோசித்துத்தான் திருப்பியிருக்க வேண்டும். உறவுவழி விண்ணப்பம். பெறுபவர் கவின், உடன் வருபவர் ஈதன். கொடுப்பவர் வெண்பா, தங்கை. பதிவான தேதி ஏப்ரல் மூன்று. நிலுவை: கொடுப்பவரின் சொல்.

ஏப்ரல் மூன்றாம் தேதி அவன் கனடாவில் இருந்தான். அங்கே உட்கார்ந்துகொண்டே, தங்கச்சி என்ன சொல்வாள், எந்த இடத்தில் சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம்ம வழக்கம் தெரியாது என்று அண்ணியைத்தான் சொன்னாள் வெண்பா. இவனுக்கு எதுவும் மறக்கவில்லை. ஒரு வடைக்கு மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னவன், இதற்கு ஒரு தடவை சொல்லவில்லை.

கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. பிள்ளை பக்கத்தில் நின்றாள். வெண்பா ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "சரிண்ணா. நீயே போ. ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போலாம்ல? இயலைக் கூட்டிட்டுப் போ. இன்னும் பதினெட்டு நாள்ல அவளுக்குப் பன்னெண்டு முடியுது. ஈதனுக்குத்தான் வீட்டுக்குப் பின்னாடியே காடு இருக்கே. நீ அவளுக்குத் தாய்மாமன்."

"நான் இந்த மண்ணுல பொறந்தவன்டா வெண்பா," என்றான் அவன். குரலில் அழுகையும் கோபமும் கலந்துதான் இருந்தது, நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. "பாஸ்போர்ட் மாறினா நான் வேத்தாளா? இந்த மலையில நான் எத்தனை தடவை ஏறியிருக்கேன்! எனக்கு ஒரு நடை கிடையாதுன்னு இவங்க யாரு சொல்றதுக்கு?"

"அதையா நான் கேட்டேன்? இயலைக் கூட்டிட்டுப் போறியான்னு கேட்டேன்."

"ஈதன் இவ்வளவு தூரம் வந்திருக்கான். ஸ்கூல்ல வேற சொல்லிட்டு வந்திருக்கான். குழந்தை ஏமாந்துடுவான்மா."

இயல் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஏமாந்துபோகிற குழந்தை எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி, மாமாவின் முகத்தையே பார்த்தாள்.

வெள்ளைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு மூச்சு நேரம் ஈரக் காற்று வந்தது. மண்ணும் இலையும் மக்கிய வாசனை. இயல் ஓரடி எடுத்து வைத்தாள், வைத்துவிட்டு நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

அப்புறம் என்னத்தைச் சொல்ல? அண்ணி, "வெரி சாரிம்மா, எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது" என்று நாலு தடவை சொன்னாள். உண்மையாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் இட்லியை அந்த வெட்டு வெட்டியிருப்பாளா?

கண்காட்சிக் கூடத்தில் பொத்தானை அழுத்தினால் குயில் கூவியது, இன்னொன்றை அழுத்தினால் மழை பெய்தது. ஒரு மூலையில் 'தொட்டுப் பார்' என்று எழுதி, ரப்பரில் செய்த இலைகளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இயல் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள் வெண்பா. கேட்டிருக்கக் கூடாது.

"மிதியடி மாதிரி இருக்கும்மா."

வெண்பா ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுதது அண்ணனை நினைத்து இல்லை. அவளுடைய வாய்தான் அவளை அழவைத்தது. பதினோரு வருஷம் பொத்தி வைத்ததை ஒரு மரியாதைப் பேச்சில் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாளே, அந்த வாய்.

ஆளுக்கு நாலு மணி நேரம் அனுமதி. நாற்பது நிமிஷத்தில் கதவு திறந்துவிட்டது. ஈதன் அழுதுகொண்டே வந்தான். கணுக்காலில் ரத்தம்.

"ஒரே அட்டை!" என்றான் கவின், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "புழுக்கம் வேற. பையன் அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போலாம்னு ஆரம்பிச்சுட்டான். போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டோம். பெரிசா ஒண்ணும் இல்லடா வெண்பா, நீ ஒண்ணும் வருத்தப்படாத."

நாற்பது நிமிஷம். ஆளுக்கு இரண்டாக நாலு மரம்.

ஈதனின் ஷூ அடியில் ஒரு பழுப்பு இலை ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலம், ஈரம் காயாதது. இயல் அதைப் பார்த்துவிட்டாள். மண்டியிட்டு, ஒரு விரலை நீட்டினாள்.

"தொடாதம்மா!" பர்வீன் ஓடிவந்து இடுக்கியால் இலையை எடுத்து மருந்துத் தண்ணீரில் போட்டாள். அது நுரைத்துக் கரைந்தது. "தொடக் கூடாதுடா கண்ணு. தப்பா நினைச்சுக்காத." பர்வீனின் கண் கலங்கியிருந்தது. வேலை அப்படி, அவளும் என்ன செய்வாள்?

வெளி வாசலில் கார் தயாராக நின்றது. அவர்கள் திருச்சிக்கு, விமானத்துக்கு. வெண்பாவும் இயலும் மையத்தின் பஸ்ஸில் துறையூருக்கு. வாசல் தூணிலும் உள்ளே இருந்த மாதிரியே ஒரு பெட்டி மாட்டியிருந்தது. மதில் ஓரத்தில் நின்று யாரும் நடையைக் கைமாற்றிவிடக் கூடாதே, அதற்காக.

அண்ணி ஏறி உட்கார்ந்தாள். ஈதன் ஏற்கெனவே விளையாட்டைக் கையில் எடுத்துவிட்டான். கவின் மட்டும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். எதையாவது சொல்லிச் சரிக்கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கும். இயலின் தலையில் கையை வைத்தான்.

"மூஞ்சை ஏன் தூக்கி வெச்சிருக்க? தாய்மாமன் நான் இருக்கேன்ல? நீ கனடாவுக்கு வந்துடு. என் வீடு உன் வீடுதான். பின்னாடியே காடு. எத்தனை நாள் வேணாலும் இரு, எவ்வளவு வேணாலும் நட."

இயல் நிமிர்ந்து பார்த்தாள். தெளிவாக, நிறுத்தி, வகுப்பில் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்: "மனசார ஏத்துக்கிறேன், மாமா."

நாலு பேரும் தூணைத்தான் பார்த்தார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"ஏய், என்ன இது," என்று கவின் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "விசா அது இதுன்னு எவ்வளவோ இருக்கு... நான் சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னா, நீ..."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. அண்ணி கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

வெண்பா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. திட்டியிருந்தால் அவனுக்குக்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"வரேன்டா வெண்பா," என்றான், தலையைக் குனிந்தபடி.

போயிட்டு வாண்ணா. பேச்சு வந்ததிலிருந்து, அவன் பள்ளிக்கூடம் போனபோதும், காலேஜ் போனபோதும், முதல் தடவை விமானம் ஏறியபோதும் அவள் சொன்ன வார்த்தை. யார் கிளம்பினாலும் தானாக வாயில் வருகிற வார்த்தை. இப்போதும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த வாயை இன்றைக்கு ஒரு தடவை நம்பியது போதும் என்று வெண்பா அதைப் பல்லுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டாள்.

"போண்ணா," என்றாள்.

கொடுக்கிற பேச்சையும் வாங்குகிற பேச்சையும் மட்டும்தான் அந்தப் பெட்டி கேட்கும் என்று பர்வீன் சொல்லியிருந்தாள். விடை கொடுப்பதும் கொடுப்பதில் சேர்த்தியோ என்னவோ. சிவப்பு அணைந்து, பச்சை எரிந்தது.